செய்வினை என்ற பயத்துக்கு எதிரே விசுவாசத்தில் நிற்பது எப்படி? கடலூர் சகோதரி ஒருவருக்குப் பதில்

சகோதரி, உங்கள் கேள்வியை மூன்று முறை படித்துவிட்டே எழுத உட்கார்ந்தேன். கடலூர் முதுநகரில் தையல் கடை வைத்திருக்கிறீர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டீர்கள். அதன்பின் கடைக்குத் துணி வருவது குறைந்தது. மாமியாரும் ஓரகத்தியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. விடியற்காலையில் யாரோ நெஞ்சின்மேல் ஏறி அமுக்குவதுபோல் இருக்கிறது. சென்ற மாதம் ஒருநாள் ஷட்டரைத் தூக்கப் போனபோது குங்குமம் தடவிய எலுமிச்சம்பழமும் சுருட்டிய தகடும் வாசற்படியில் கிடந்தன. ஒரு ஜெப வீட்டுக்குப் போனீர்கள். அது ஓரகத்தி வைத்த செய்வினை என்றும், 41 நாள் உபவாசமும் 25,000 ரூபாய் காணிக்கையும் இல்லாமல் கட்டு உடையாது என்றும் அங்கே சொன்னார்கள். "பிசாசின் எதிர்ப்பை விசுவாசத்தால் ஜெயிப்பது எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு அடியில் இன்னும் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. நடப்பதெல்லாம் உண்மையிலேயே பிசாசின் வேலைதானா என்பது ஒன்று. இத்தனை ஜெபித்தும் விடுதலை வரவில்லையென்றால் என் விசுவாசம் பொய்யா என்பது மற்றொன்று. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இந்தக் கடைசிக் கேள்விதான் என்று நினைக்கிறேன்.

நான் கடலூர் மாவட்டத்துச் சபைகளில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆயராக இருந்து ஓய்வு பெற்றவன். லுத்தரன் மரபில் வளர்ந்தவன். உங்களைப்போல் தகட்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஆயர் வீட்டுக்கு வந்தவர்களை எண்ணிப் பார்த்தால் நூறு பேருக்குக் குறையாது. எனக்கு நிச்சயமானவற்றை நிச்சயமென்றும், ஐயமானவற்றை ஐயமென்றும் பிரித்தே எழுதுகிறேன்.

நிச்சயமானதிலிருந்து தொடங்குகிறேன். பிசாசு என்பது வெறும் கற்பனை என்று நான் சொல்லப்போவதில்லை. வேதம் அப்படிச் சொல்லவில்லை. நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் எபேசியர் 6ஆம் அதிகாரத்துச் சர்வாயுதவர்க்கப் பகுதியை, அதாவது தேவன் தரும் ஆயுதங்களைப் பற்றிய பகுதியை, பவுல் எபேசு சபைக்கு எழுதினார். எபேசு மந்திரத்துக்குப் பேர்போன பட்டணம். அங்கே விசுவாசிகளான பலர் தங்கள் மாயவித்தைப் புத்தகங்களைக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்பாகச் சுட்டெரித்தார்கள் என்றும், அவற்றின் விலை ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு என்றும் அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரம் கணக்குச் சொல்கிறது. ஆகவே அந்த நிருபத்தை முதலில் வாசிக்கக் கேட்டவர்கள் உங்களுக்கு அந்நியர்களல்லர். தாயத்தும் தகடும் அவர்களுக்கும் தெரியும். வாசலில் எதையாவது கண்டால் அவர்களுக்கும் வயிறு கலங்கும். அவர்களிடம் பவுல் மாற்று மந்திரம் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்த ஆவி, யார் அனுப்பியது, எத்தனை நாளில் போகும் என்ற விசாரணைக்கும் இடம் வைக்கவில்லை. சத்தியம், நீதி, சமாதானத்தின் சுவிசேஷம், விசுவாசம், இரட்சணியம், தேவவசனம், ஜெபம் என்று ஒரு கிறிஸ்தவனுடைய அன்றாட வாழ்க்கையையே ஆயுதமாக எடுத்துக் கையில் கொடுத்தார். அந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப வரும் வினையையும் கவனியுங்கள். துரத்துங்கள் என்றோ தேடிப் பிடியுங்கள் என்றோ அவர் எழுதவில்லை. எதிர்த்து நிற்க, நிற்கவும் திராணியுள்ளவர்களாக, நில்லுங்கள் என்றே எழுதுகிறார். ஜெயம் ஏற்கெனவே சிலுவையில் முடிந்துவிட்டது; துரைத்தனங்களையும் அதிகாரங்களையும் கிறிஸ்து அங்கே உரிந்துகொண்டார் என்று கொலோசெயர் 2:15 சொல்கிறது. நமக்கு ஜெயித்துக் கொடுக்கப்பட்ட இடத்தைவிட்டு நகராமல் இருப்பதே நம் பங்கு. "யாக்கோபுக்கு விரோதமான மந்திரவாதம் இல்லை" என்ற எண்ணாகமம் 23:23ஐப் பணம் வாங்கிக்கொண்டு சபிக்க வரவழைக்கப்பட்ட பிலேயாமின் வாயிலிருந்தே தேவன் வரவழைத்தார். கிறிஸ்துவுக்குச் சொந்தமான ஒருவர் ஒரு தகட்டுக்குச் சொந்தமாகிவிட முடியாது என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை.

இரண்டாவது நிச்சயம், உங்கள் ஓரகத்தி உங்கள் எதிரியல்லர் என்பது. நமக்குப் போராட்டம் "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல", அதாவது மனிதரோடு அல்ல, என்று பவுல் எடுத்த எடுப்பிலேயே அந்த வாசலை அடைத்துவிடுகிறார். ஓரகத்தி உங்களை வெறுக்கலாம், அந்தத் தகட்டையே அவர்தான் வைத்திருக்கலாம். அப்போதும் போராட்டம் அவரோடு அல்ல. வெளிப்படுத்தின விசேஷம் 12:10 சாத்தானுக்குக் கொடுக்கும் அடையாளம், இரவும் பகலும் சகோதரர்மேல் குற்றஞ்சுமத்துகிறவன் என்பது. ஜெபம் என்ற பெயரில் ஒரு வீட்டுப் பெண்ணின்மேல் சாட்சியில்லாமல் சூனியக்குற்றம் சுமத்தும்போது அந்த வேலை யாருக்கு உதவியாகிறது என்று யோசித்துப் பாருங்கள். என் அனுபவத்தில் செய்வினையால் பிரிந்த குடும்பத்தை நான் கண்டதில்லை. செய்வினை வைத்தவர் இவர்தான் என்று சொல்லப்பட்ட பெயரால் பிரிந்த குடும்பங்களைக் கண்டிருக்கிறேன், ஒன்றல்ல, பல.

அவற்றில் ஒன்றுக்கு நானும் பொறுப்பாளி. 1990களின் தொடக்கத்தில், ஊழியத்தில் அனுபவம் போதாத காலத்தில், நெல்லிக்குப்பம் பக்கத்துக் கிராமமொன்றில் பதினான்கு வயதுப் பெண்ணுக்காக ஜெபிக்க அழைத்தார்கள். திடீரென்று விழுவாள், கைகால் வெட்டி இழுக்கும், பிறகு அரைமணி நேரம் யாரையும் அடையாளம் தெரியாது. சித்தி ஏதோ செய்துவிட்டாள் என்று தாய் அழுதார். நான் அதை மறுக்கவில்லை. அசுத்த ஆவி என்றே எண்ணி, வாரந்தோறும் போய்த் தலையில் கைவைத்துச் சத்தமிட்டு ஜெபித்தேன். ஏழு மாதம் போயிற்று. ஒரு ஞாயிறு ஆராதனை நடுவே அவள் விழுந்தபோது, சபையிலிருந்த ஒரு செவிலியர் ஓடிவந்து அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயோரம் வழிந்த நுரையைத் தன் முந்தானையால் துடைத்து, பாவாடை நனைந்திருந்ததை மறைக்கச் சால்வையைப் போர்த்திவிட்டு, "ஐயா, இது வலிப்பு, நாளைக்கே ஜிப்மருக்குக் கூட்டிப் போகணும்" என்றார். மூளை அலைப் பரிசோதனை எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். சில மாதங்களில் இழுப்பு நின்றது. ஆனால் அந்தச் சித்தி வீட்டாரும் இந்த வீட்டாரும் பேசிக்கொள்ள ஒன்பது ஆண்டுகள் ஆயின. மத்தேயு 4:24ஐ அதற்குமுன் எத்தனை முறை வாசித்திருப்பேன்! பிசாசுபிடித்தவர்களையும், சந்திரரோகிகளையும் (வலிப்பு உள்ளவர்களையும்), திமிர்வாதக்காரரையும் அந்த வசனம் தனித்தனியாகவே எண்ணுகிறது. வேதமே பிரித்து எழுதியதை நான் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணிடம் பின்னர் மன்னிப்புக் கேட்டேன். அந்த ஏழு மாதங்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

இனி ஐயமானவற்றுக்கு வருகிறேன். நெஞ்சில் ஏறி அமுக்குவதை நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். நீங்கள் விவரித்திருப்பது, அதாவது கண் திறந்திருந்தும் கைகால் அசையாமை, கத்த முயன்றும் குரல் வராமை, அறையில் யாரோ நிற்பதுபோன்ற திகில், பிறகு சட்டென்று விடுபடுதல், தூக்க முடக்கம் என்று மருத்துவம் அறிந்துவைத்திருப்பதோடு அப்படியே பொருந்துகிறது. கனவு காணும் தூக்கநிலையில் நாம் கனவுக்கேற்பக் கைகாலை வீசிவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. சிலவேளை உடல் அந்த நிலையிலிருந்து விடுபடுமுன் மனம் விழித்துக்கொள்ளும். கனவின் மிச்சம் அறைக்குள் ஆளாகத் தெரியும். தூக்கக்குறைவு, நேரம் தவறிய உறக்கம், மனக்கவலை, மல்லாந்து படுப்பது ஆகியவை அதை அதிகமாக்கும். தீபாவளித் துணிக்காக இரண்டு மாதம் இரவு ஒரு மணிவரை மிஷினில் உட்கார்ந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதலில் ஏழு மணி நேரத் தூக்கத்துக்கு வழிசெய்து, ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். இதை விசுவாசக்குறைவான யோசனை என்று எண்ணவேண்டாம். எலியா சூரைச்செடியின்கீழ் சாகவேண்டுமென்று கோரியபோது தேவதூதன் முதலில் செய்தது அவனைத் தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னதுதான். சாப்பிட்டவன் திரும்பவும் படுத்துக்கொண்டான், தூதன் அதைத் தடுக்கவில்லை. கடை வியாபாரத்தைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. ஆயத்த ஆடையும் இணைய விற்பனையும் வந்தபின் நம் ஊரில் எத்தனை தையல்காரர்களுக்கு வேலை குறைந்திருக்கிறது என்பதை என்னைவிட நீங்களே நன்றாக அறிவீர்கள்.

எலுமிச்சம்பழம் உங்களைக் குறிவைத்ததா, பக்கத்துக் கடைக்காரர் திருஷ்டி கழித்துப் போட்டது உருண்டுவந்ததா என்பதை யாராலும் சொல்லமுடியாது. சொல்ல முடியும் என்பவரை நம்பவும் வேண்டாம். செய்யவேண்டியது இரண்டு நிலையிலும் ஒன்றுதான். துடைப்பத்தால் கூட்டி, முறத்தில் அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு, படியைக் கழுவி, கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லிக் கடையைத் திறப்பது. "தீமையினின்று எங்களை இரட்சித்துக்கொள்ளும்" என்ற விண்ணப்பம் அதற்குள் இருக்கிறது. ஆண்டவரே கற்றுக்கொடுத்த விடுதலை ஜெபம் அது. தகட்டை எடுத்துவைத்து அதில் என்ன எழுதியிருக்கிறதென்று ஆள்பிடித்துப் படிக்கப் போகாதீர்கள். அதைப் பார்த்துக் குலைநடுங்க வேண்டும் என்பதுதான் வைத்தவரின் எண்ணமாக இருந்தால், அந்தப் பயத்தை நாமாகக் கொண்டுபோய்க் கொடுக்கத் தேவையில்லை.

உங்கள் விசுவாசம் பொய்யா என்ற கேள்விக்கு வருகிறேன். தன் மாம்சத்தில் ஒரு முள் கொடுக்கப்பட்டது என்றும், அது சாத்தானுடைய தூதன் என்றும் பவுல் 2 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். அது நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை, இன்னொரு 41 நாள் உபவாசம் இருந்திருக்கவேண்டும் என்று சொல்ல நமக்குத் துணிவு உண்டா? 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்தில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த எங்களிடம், கரையில் ஈரப் பாவாடையோடு உட்கார்ந்திருந்த ஒரு தாய், "நாங்க என்ன பாவம் செஞ்சோம்னு சொல்லுங்க ஐயா" என்று கேட்டார். அந்த வாரமே சிலர் மைக் பிடித்து, அது இந்த மக்களின் பாவத்துக்கு வந்த தண்டனை என்று பேசினார்கள். சீலோவாமிலே கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப்பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளாயிருந்தார்களோ என்று இயேசுவே கேட்டு, அல்லவென்று அவரே பதிலும் சொல்லியிருக்க, அவருடைய பெயரால் அதை எப்படிச் சொல்ல முடிந்ததோ எனக்கு விளங்கவில்லை. நான் அந்தத் தாயிடம் எதுவும் விளக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு அழுதேன். உபத்திரவம் உங்கள் விசுவாசத்தின் அளவுகோலல்ல. 1 பேதுரு 5:9, பிசாசைக் கெர்ச்சிக்கிற சிங்கம் என்று சொன்ன கையோடு, உலகத்திலுள்ள உங்கள் சகோதரரிடத்திலும் அப்படிப்பட்ட பாடுகள் நிறைவேறிவருகின்றன என்கிறது. தாக்கப்படுவது விசுவாசிகளின் பொது அனுபவம்.

25,000 ரூபாய் விஷயத்தில் நான் சுற்றிவளைக்கமாட்டேன்: கொடுக்காதீர்கள். பரிசுத்த ஆவியின் வல்லமையைப் பணத்துக்குக் கேட்ட சீமோனிடம் பேதுரு என்ன சொன்னார் என்பதை அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் பாருங்கள். இதில் கத்தோலிக்கச் சகோதரர்களின் ஒழுங்கை நான் மதிக்கிறேன். அவர்களுடைய 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1172ஆவது விதிப்படி, மறைமாவட்ட ஆயரின் (பிஷப்பின்) தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதி பெற்ற குருவைத் தவிர வேறெவரும் பேயோட்டும் சடங்கைச் செய்யக்கூடாது. அந்தக் குருவும் பக்தி, அறிவு, விவேகம், நேர்மையான வாழ்க்கை உடையவராக இருக்கவேண்டும். அது நோயா என்பதை முதலில் விசாரிக்கவேண்டும் என்பதும் அவர்கள் ஒழுங்கில் உண்டு. புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டமும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டதுதான். நம் புராட்டஸ்டண்டு பக்கத்தில் வாடகைக்கு ஒரு மாடி கிடைத்தால் அடுத்த வாரமே கட்டு உடைக்கும் கூட்டம் தொடங்கிவிட முடிகிறது என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. உண்மையாய் ஜெபிக்கிற, காசு கேட்காத ஊழியர்களும் இருக்கிறார்கள். அவர்கள் யார் பெயரையும் சொல்லிக் குற்றம் சாட்டமாட்டார்கள், உங்களை மருத்துவரிடமிருந்து தடுக்கவும் மாட்டார்கள். உபவாசம் நல்லது. ஆனால் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் நீங்கள் மருத்துவரைக் கேட்காமல் 41 நாள் உபவாசம் இருக்கவே கூடாது.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? பவுல் சொல்லும் கேடகத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அவர் எழுதிய கிரேக்கச் சொல் கதவு என்ற சொல்லோடு உறவுடையது. உடம்பை மறைக்குமளவு உயர்ந்த பெரிய கேடகம் அது. ரோமப் போர்வீரர்கள் அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துச் சுவராக்கி நிற்பார்கள். தனியாக நிற்கிறவனுக்குப் பக்கமும் பின்னும் திறந்தே கிடக்கும். தமிழில் ஒருவரை மதித்தும் "நீங்கள்" என்கிறோமாதலால், "நில்லுங்கள்" என்பதைத் தனக்கொருவருக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ள நமக்கு வாய்ப்புண்டு. மூலத்தில் அது பன்மை, ஒரு சபைக்குச் சொன்னது. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது தகடு அல்ல. மூன்று ஆண்டுகளாக நீங்கள் எந்தச் சபையிலும் ஒட்டாமல், கைப்பேசியில் பிரசங்கம் கேட்டுக்கொண்டு தனியாகப் போராடிவருகிறீர்கள் என்ற வரிதான் உறுத்திற்று. நடந்துபோகும் தூரத்தில் ஒரு சபையைத் தேடிக்கொள்ளுங்கள். திருவிருந்தில் பங்கெடுங்கள். உங்கள் பெயரைச் சொல்லி ஜெபிக்க இரண்டு மூன்று பெண்கள் கிடைத்தால் அதுவே கேடகச் சுவர்.

இதோடு சேர்த்துச் சொல்லவேண்டியது, துரைத்தனங்கள், அதிகாரங்கள் என்று பவுல் எழுதியவை இருட்டில் வரும் உருவங்கள் மட்டுமல்ல என்பது என் புரிதல். இதில் அறிஞர்களிடையே வேறு கருத்துகளும் உண்டு. ஒரு மனிதரைவிடப் பெரிதாகி, எல்லாரையும் ஆட்டிவைக்கும் வழக்கங்களும் அவற்றில் அடங்கும் என்று நினைக்கிறேன். சாதி அப்படிப்பட்டது. நம் மாவட்டத்து மேல்பட்டாம்பாக்கத்தில் 1860களில் பெத்தானியா என்ற பணித்தளத்தை நிறுவிய கார்ல் ஓக்ஸ், சபைக்குள் சாதியைப் பொறுத்துக்கொள்ளமாட்டேன் என்று தாம் இருந்த லைப்சிக் மிஷனைவிட்டே பிரிந்துவந்தவர். பின்னர் டேனிஷ் மிஷனோடு இணைந்த அந்த வேலையிலிருந்தே ஆற்காடு லுத்தரன் திருச்சபை வளர்ந்தது. உங்கள் புகுந்த வீட்டார் கோபப்படுவதும் பெரும்பாலும் "நாலுபேர் என்ன சொல்லுவாங்க" என்ற அதிகாரத்துக்கு அஞ்சித்தான். அவர்களும் அதன் பிடியில் இருப்பவர்கள் என்று தெரிந்தால் அவர்கள்மேல் உங்களுக்கு இரக்கம் வரும்.

பிசாசுக்கு இடங்கொடுப்பது எப்படி நடக்கும் என்று வேதம் வெளிப்படையாகச் சொல்லும் ஓர் இடம் எபேசியர் 4:26-27. சூரியன் அஸ்தமிக்குமுன் எரிச்சல் தணியட்டும், பிசாசுக்கு இடங்கொடாதிருங்கள் என்பது அது. தகடு வழியாக அல்ல, ஆறாத கோபம் வழியாகவே இடம் கிடைக்கிறது. ஆகவே உங்கள் போராட்டத்தின் மிகக் கடினமான களம் ஓரகத்தி வீட்டுப் படியேறுவதாக இருக்கலாம். அவர் மகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்துக்கொடுப்பது வழக்கம், அந்தப் பேச்சுக்குப்பின் நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். மறுபடி தைத்துக் கொடுங்கள். அவர் மனம் மாறுமென்று என்னால் உறுதி சொல்லமுடியாது. அடித்தல், மிரட்டுதல் அளவுக்குப் போனால் பொறுத்துக்கொண்டிருக்கவும் சொல்லமாட்டேன். அதற்குச் சட்டத்தின் துணையை நாடுவது விசுவாசத்துக்கு விரோதமல்ல, பவுலும் தம் ரோமக் குடியுரிமையைச் சொல்லிக் கேட்டவரே.

என் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். முப்பத்து நான்கு ஆண்டுகளில் இரண்டு நிகழ்ச்சிகளை நோய் என்றோ பயம் என்றோ என்னால் முழுதாக விளக்கமுடியவில்லை. இரண்டிலும் சபையாகக் கூடி அமைதியாக ஜெபித்தோம், அமைதி வந்தது. மற்றவை எல்லாம் நோய், கடன், குடி, குடும்பச் சண்டை, தூக்கமின்மை என்றே முடிந்தன. உங்களுடையது எந்த வகை என்று ஒரு கடிதத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்லக்கூடாது. நல்ல தூக்கத்துக்குப் பின்னும் அமுக்கம் தொடர்ந்தாலோ, யாருமில்லாதபோது குரல் கேட்டாலோ, சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஜிப்மரிலும் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் காட்டலாம். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இரவுக்கு ஒரு பழக்கத்தைச் சொல்லி முடிக்கிறேன். லுத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் படுக்கைக்குப் போகும்முன் சொல்லும் ஜெபம் ஒன்று உண்டு. பொல்லாத சத்துருவுக்கு என்மேல் அதிகாரம் உண்டாகாதபடி உம்முடைய பரிசுத்த தூதன் என்னோடிருப்பானாக என்பது அதன் முடிவு. அதன்கீழே அவர் இன்னும் ஒரு வரி எழுதிவைத்தார்: பிறகு உடனே மகிழ்ச்சியாய்த் தூங்கு. அதற்குமேல் விழித்திருந்து காவல் காக்கச் சொல்லவில்லை. இன்றிரவு பத்து மணிக்கு மிஷினை மூடிவிட்டு, அந்த ஜெபத்தைச் சொல்லி, ஒருக்களித்துப் படுங்கள். சபை கிடைக்கச் சிரமமிருந்தால் எந்தத் தெருப் பக்கம் என்று மட்டும் எழுதுங்கள். முதுநகரில் எனக்குத் தெரிந்த பெண்கள் ஐக்கியத்தார் இருக்கிறார்கள், வந்து பார்க்கச் சொல்கிறேன்.